பெயருக்குக் கீழே ஒரு வரி

இந்த நினைவு மலர் அண்ணை இறந்த முப்பத்தோராம் நாளில் உங்கள் கைகளுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று வந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தேவாரம் அச்சடித்த ஒற்றைத் தாளைக் கொடுத்து, சாப்பிட வைத்து அனுப்பினோம். "மலர் அடிக்கேல்லையோ?" என்று சிலர் கேட்டார்கள். "அச்சகத்தில சுணங்கிப் போச்சு" என்று சொன்னேன். அது பொய். அச்சகத்துத் தம்பி தன் வேலையை முடித்து வைத்திருந்தார். அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டிருந்தார்.

"அக்கா, படத்துக்குக் கீழ ஐயாவின்ர பேர் போட்டாச்சு. பேருக்குக் கீழ என்ன போடுறது? வர்த்தகர் எண்டு போடவோ, வேற ஏதும் இருக்கோ?"

வேறொன்றும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதனால்தான் முப்பத்தோராம் நாள் மலர், முதலாம் ஆண்டு மலராக வருகிறது. எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும்.

நான் எழுதத் தெரிந்தவள் அல்ல. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இங்கே ஜெர்மனியில், ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. ஆனால் அண்ணையைப் பற்றி வேறு யாரும் எழுதினால் இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடுவார்கள். நானே எழுத வேண்டியதாயிற்று.

அண்ணை தென்மராட்சியில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நாங்கள் மூன்று பேர். இடையில் பிறந்த சகோதரர் சிறு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் தகப்பனார், அப்பு, இறந்தபோது அண்ணைக்குப் பதினேழு வயது. அடுத்த மாதமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, யாழ்ப்பாணம் பெரியகடையில் ஓர் இரும்புக்கடையில் வேலைக்கு நின்றார். காலை முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருவார். கையில் எப்போதும் துருவின் நிறம் இருக்கும். சாப்பிட முன் சாம்பல் போட்டுக் கழுவுவார், அப்படியும் போகாது.

பத்து வருடத்தில் எங்கள் ஊர்ச் சந்தைக்கு எதிரே சொந்தமாகக் கடை போட்டார். ஆணி, கம்பி, சீமெந்து, மண்வெட்டி, கயிறு என்று எல்லாம் இருந்தன. அளவு பிழையாக வாங்கிப் போனவர் ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார். பிற்காலத்தில் அந்தக் கடை இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் அண்ணை கரி பிடித்த ஆணிகளைப் பொறுக்கி, மணலில் போட்டு உரசி, சாக்கில் கட்டி வைத்துவிட்டுத் திரும்பவும் கடையைத் திறந்தார். எனக்குச் சீதனம் தந்து கல்யாணம் செய்து வைத்ததும், எண்பத்தைந்தில் என்னையும் என் கணவரையும் ஜெர்மனிக்கு அனுப்பி வைத்ததும் அந்தக் கடைதான். மச்சாளைக் கைப்பிடித்து, ஒரே மகளைப் பெற்று, அண்ணை ஓரளவு நிம்மதியாக இருந்த காலம் மிகக் குறுகியது.

எண்பத்தெட்டாம் ஆண்டு, இந்திய இராணுவம் ஊரில் நின்ற காலத்தில், மாகாண சபை வந்தது. ஊரில் தெரிந்த மனிதர்களின் பெயர்களைத் தேடினார்கள். சந்தை வர்த்தகர் சங்கத்துக்கு அண்ணை செயலாளராக இருந்தார்; அவரைக் கேட்டார்கள். அவர் சம்மதித்தார். எதிர்த்து நிற்க ஒருவரும் முன்வராததால் வாக்களிப்பு நடக்கவில்லை. பட்டியலில் இருந்தவர்கள் அப்படியே உறுப்பினர்கள் ஆனார்கள். அந்தச் சபை சரியா பிழையா என்று எழுத எனக்கு அறிவு போதாது. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அதைப் பற்றிக் கடுமையான எண்ணம் உண்டு என்பது தெரியும். எனக்கும் அன்று பயமாகவே இருந்தது. வேண்டாம் என்று இங்கிருந்து கடிதம் எழுதினேன். அண்ணை இப்படிப் பதில் எழுதினார்:

"தங்கச்சி, மீன் விக்கிற பெண்டுகள் இருபது வருசமா வெயிலுக்க இருக்கினம். சந்தைக்குக் கூரை கேக்கிறதுக்குச் சபையில ஒரு கதிரை வேணும். கதிரை கிடைச்சிருக்கு. கூரையைக் கேட்டுப் போட்டு எழும்பியிடுவன்."

கூரைத் தகடுகள் வந்தன. பாதிச் சந்தைக்குப் போட்டார்கள். மீதிக்குத் தகடு வருவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் அண்ணை அதிகம் செய்தது கூரை வேலை அல்ல. கடிதம் எழுதுகிற வேலை. பிள்ளையை இராணுவ முகாமில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தாய்மார் விடியற்காலையில் கடை வாசலில் வந்து நிற்பார்களாம். மச்சாள் தேத்தண்ணீர் போட்டுக் கொடுப்பாராம். உறுப்பினர் என்று பெயர் அச்சடித்த தாளில், இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், விடுங்கள் என்று அண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். சில பிள்ளைகள் வந்தார்கள். சில பிள்ளைகள் வரவில்லை.

தொண்ணூறில் அந்த இராணுவம் திரும்பிப் போக, சபையும் இல்லாமல் போனது. அதில் இருந்தவர்களைச் சபையை எதிர்த்த இயக்கம் தேடியது. சிலர் உயிர் தப்பவில்லை. அண்ணை மச்சாளையும் மகளையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் இந்தியா போனார். நடுக்கடலில் தன்னுடைய உறுப்பினர் அட்டையையும் மிச்சமிருந்த தாள்களையும் தானே கிழித்துத் தண்ணீரில் போட்டார். திருச்சியில் ஒரு சிறு வீட்டில் அவர்களை விட்டுவிட்டு, தனியாக ஜெர்மனி வந்து சேர்ந்தார். எனக்கு வழி சொல்லக்கூடியவர் வந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். ஆனால் இங்கே வழி சொன்னவள் நான்.

இனி எழுதப்போவதை என் கணவரும் இவ்வளவு நாளும் வெளியில் பேசியதில்லை.

அகதிக் கோரிக்கை கொடுத்தவருக்கு ஒரு விசாரணை வைப்பார்கள். ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு, அதில் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக்கூடாது என்று முன்னே வந்தவர்கள் சொல்லிக் கொடுப்பது அன்று எங்கள் எல்லோருக்கும் வழக்கம். அண்ணைக்கு டெர்மின், அதாவது விசாரணைக்கு நாள், கிடைத்த அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் சமையலறையில் இருந்துதான் கதைத்தோம்.

"நான் மெம்பரா இருந்தனான் எண்டு சொல்லத்தானே வேணும்" என்றார் அண்ணை.

"அண்ணை, அங்க மொழிபெயர்க்க நிக்கிறவர் எங்கட ஆள். நீங்கள் மெம்பர் எண்டு வாய் திறந்தால், பின்னேரத்துக்கிடையில ஹம் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன, இஞ்ச வந்து சுடப்போகினமோ?"

"சுடாட்டிலும் எங்களோட ஒருத்தரும் கதைக்க மாட்டினம். பிள்ளையள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகினம். இவர் கோயில் சபையில இருக்கிறார். கடைக்காரர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதுவும் உண்மைதானே."

என் கணவர் மட்டும் இழுத்தார். "அத்தானுக்கு நடந்ததைத்தானே அவர் சொல்லோணும்..."

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உறுதியாகப் பேசிய நாள் அந்த ஒரு நாள்தான்.

அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி தங்கச்சி. உன்ர வீடு, உன்ர ஊர். நீ சொல்லுறபடி" என்றார்.

விசாரணையில் அவர் சொன்னார்: இரும்புக்கடை வைத்திருந்தேன், கடை எரிந்தது, அரசியலில் ஈடுபட்டதில்லை. எழுதியதை மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்ட, அண்ணை கையெழுத்துப் போட்டார்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அரசியலில் இல்லாத ஒரு வியாபாரி கொழும்பில் போய் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டால்தான் மச்சாளையும் மகளையும் கூப்பிட முடியும். அதனால் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். அந்த அம்மா, "இதில் எழுதாத ஏதாவது உண்டா?" என்று கேட்டபோதுதான் அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். வழக்கறிஞர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?" என்றார். அண்ணை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நான் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி அமைதியான மனிதர், குரலை உயர்த்தாமல் கேட்டார். முதலில் இல்லை என்றீர்கள், இப்போது மாகாண சபை உறுப்பினர் என்கிறீர்கள், அடையாள அட்டை எங்கே? கடலில் போட்டேன் என்றார் அண்ணை. உங்கள் கையெழுத்துள்ள ஒரு தாளாவது உண்டா? இல்லை. கொஞ்ச நேரம் கோப்பைப் பார்த்துவிட்டு நீதிபதி இன்னொரு கேள்வி கேட்டார்.

"தேர்தலில் உங்களுக்கு எத்தனை வாக்குகள் கிடைத்தன?"

அண்ணை இந்த முறை ஒன்றும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்து வந்திருந்தார். நேராக நிமிர்ந்து நின்று, "ஒண்டும் இல்லை" என்றார்.

மொழிபெயர்த்தவர் தயங்கினார். "ஒண்டும் இல்லையெண்டே சொல்லட்டோ?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டார். "ஓம், அப்பிடியே சொல்லுங்கோ. ஒரு வாக்கும் இல்லை."

எங்கள் வழக்கறிஞர் எழுந்து, போட்டியில்லாத தேர்தல் என்று விளக்கினார். ஆனால் நீதிபதியின் முகம் அதற்கு முன்பே மாறிவிட்டது. ஒரு வாக்கும் கிடைக்காத அரசியல்வாதியை அவர் எங்கே கண்டிருப்பார்? அண்ணை சொன்ன பொய்யை நம்பினார்கள், உண்மையை நம்பவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வோட்டும் இல்லாமல் வெண்ட ஆளும் நான்தான், அதுக்காகத் தோத்த ஆளும் நான்தான்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வந்திருக்காது.

அதன் பிறகு அண்ணையிடம் இருந்தது டுல்டுங். உன்னை இன்னும் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லும் தாள் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று முத்திரை குத்த வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட ஏலாது. அனுமதி இல்லாமல் அடுத்த ஊருக்குப் போகவும் ஏலாது. ஆஹென் நகரில் எங்கள் சொந்தக்காரப் பிள்ளையின் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினார். பதில் வந்தது கல்யாணம் முடிந்து நாலாம் நாள்.

மச்சாள் திருச்சியிலிருந்து எடுத்த ஒரு தொலைபேசி அழைப்பின்போது நான் பக்கத்தில் நின்றேன். குரல் வெளியே கேட்டது. "உண்மையைச் சொல்லியிருந்தா நாங்கள் எப்பவோ வந்திருப்பமே. ஏனப்பா மறைச்சனீங்கள்?" அண்ணை தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குப் பயமாயிருந்தது" என்றார். மச்சாள் அழுதார். பிறகு மகள் வாங்கிப் பேசினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. "நீங்கள் பயந்தபடியால்தானே அப்பா நாங்கள் இஞ்ச" என்றாள். தொலைபேசியை வைத்தபின் நான் வாய் திறக்கப் போனேன். கையை உயர்த்தி, "விடு தங்கச்சி" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

என் கணவர் தன் பெயரில் ஹம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை திறந்தபோது, அதை நடத்துகிற அறிவு அண்ணையுடையது. அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு, புதன்கிழமைகளில் மரக்கறி. யார் வீட்டில் நீரிழிவு, யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று எல்லாம் அவருக்குத் தெரியும்; அதற்கேற்ற சாமானை எடுத்து வைத்திருப்பார். ஒரு வருடம் நல்லபடியாகப் போனது. பிறகு ஒருநாள் ஒருவர் வந்து, கருவாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்று அண்ணையை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் அந்த மெம்பர் எல்லோ?"

அண்ணை மறைக்கவில்லை. "ஓம்."

"அப்ப மெம்பர் ஐயா, இஞ்ச கருவாட்டுக்கும் கூரை போடுவியளோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்து, "பாதிக்குத்தான் தம்பி போட ஏலும், மிச்சம் நனையும்" என்றார். அடுத்த வாரம் கடைக்கு வருவோர் பாதியாகக் குறைந்தார்கள். என் கணவரைக் கோயில் சபையிலிருந்து விலகச் சொன்னார்கள். நான் எதற்குப் பயந்து அண்ணையின் வாயை மூடினேனோ, அது எல்லாம் நடந்தது. நாங்கள் சாகவில்லை. தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது.

வந்தவர்கள் பின் கதவால் வந்தார்கள், அன்ராக் எழுதுவதற்கு. அரசு தரும் பிள்ளைக் காசு, வீடு மாற, வேலை அனுமதி என்று ஒவ்வொருவருக்கும் அண்ணை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரிசிச் சாக்கின் மேல் இருந்து எழுதுவார். எழுதி முடித்து ஒவ்வொருவரிடமும் ஒன்றை மட்டும் சொல்வார்: "நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறன். கேட்டா இதைத்தான் சொல்லவேணும்." பல பேருக்கு அவர் எழுதியது சரிவந்தது.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது, ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மழையில் போக இடமில்லாத சனம் சந்தையின் கூரை போட்ட பாதிக்குள் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறது என்று எழுதியிருந்தது. அண்ணை அதைப் பல தடவை வாசித்தார். "மற்றப் பாதிக்குத் தகடு வந்திருந்தா..." என்றார்.

வழக்கறிஞர் அம்மா எங்களைக் கைவிடவில்லை. கையெழுத்தோடு ஒரு தாள், ஒரேயொரு தாள் கிடைத்தால் புதிதாக அன்ராக் போடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரில் நூற்றுக்கணக்கில் கடிதம் கொடுத்தவர் அண்ணை. அதில் சிலராவது இங்கே இருக்க மாட்டார்களா? கேட்டுப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். "அந்தக் கடிதம் தங்களிட்ட இருக்கெண்டு சொல்லுறதே அவையளுக்குப் பிரச்சினை. என்ர தலையை எடுத்து அவையளின்ர மடியில வைக்க ஏலாது" என்று மறுத்துவிட்டார். நான் கூச்ச சுபாவம் உள்ளவள்; அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சென்ற வருடம் முற்பகுதியில் அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்டது என்றார்கள். மச்சாளுக்கு விசாவுக்கு எழுதினோம், கிடைக்கவில்லை. கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு இப்ப பதினைஞ்சு வயசு. முகம் நினைவில வருகுதில்லை, ஏழு வயசு முகம்தான் வருகுது" என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் வேலையிலிருந்து போய்ச் சேர முன் உயிர் பிரிந்தது. என் கணவர் பக்கத்தில் இருந்தார்.

இங்கே தகனம் செய்தோம். அஸ்தியைத் திருச்சிக்கு அனுப்ப ஒரு அனுமதித் தாள் வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஒரு பெண் பத்து நிமிடத்தில் முத்திரை குத்தித் தந்தார். அண்ணை இந்த நாட்டில் கேட்டவற்றில், மறுக்காமல், சுணங்காமல் கிடைத்த முதல் அனுமதி அதுதான். மச்சாளும் மகளும் காவிரியில் கரைத்தார்கள்.

இறந்து எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு நாளன்று, எல்லோரும் சாப்பிட்டுப் போனபின், ஒருவர் வாசலில் நின்றார். கருவாட்டுக்குக் கூரை கேட்டவர். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே நாலாக மடித்த தாள். அண்ணையின் பெயர் அச்சடித்த தாள். அண்ணையின் கையெழுத்து.

"என்ர தம்பியாரைக் காம்பில இருந்து எடுத்தது இந்தக் கடிதத்தாலதான் அக்கா. எட்டு வருசமா என்னட்ட இருக்கு."

"ஏன் முதல் தரேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேட்டிருந்தா?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியாது அக்கா. தந்திருக்க மாட்டன் போல" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எட்டு வருடம் பயந்தது போலத்தான் நானும் பயந்தேன். அவரிடம் ஒரு தாள் இருந்தது. என்னிடம் ஒரு சொல் இருந்தது. அவர் கொண்டுவந்து தந்துவிட்டார். தம்பியின் பெயரை மறைத்துப் போடலாம் என்று சம்மதமும் தந்தார். மலரின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அந்தக் கடிதம்தான்.

என்னிடம் இருந்ததை நான் இப்போது தருகிறேன். மச்சாள், இந்த மலர் திருச்சிக்கு வந்து சேரும்போது நீங்களும் மகளும் இதை வாசிப்பீர்கள். அன்று தொலைபேசியில் அண்ணை உங்களுக்குச் சொன்னது உண்மை அல்ல. பயந்தது அவர் அல்ல. அவர் சொல்லத் தயாராக இருந்தார், நான் தடுத்தேன். என் வீட்டுக்குப் பேச்சு வரக்கூடாது என்று தடுத்தேன். என்னைக் காட்டிக் கொடுக்காமல் அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு போய்விட்டார். உங்கள் எட்டு வருடத்தை என்னால் திருப்பித் தர ஏலாது. மகளுக்கு அவளுடைய அப்பா பயந்தவர் அல்ல என்பதை மட்டும் சொல்ல முடியும்.

அண்ணையின் நோயில் துணை நின்ற தாதிமாருக்கும், கடைசிவரை காசைப் பெரிதாக நினைக்காமல் உழைத்த வழக்கறிஞர் அம்மாவுக்கும், முறை மாறி ஆஸ்பத்திரியில் நின்ற அயலவருக்கும், எங்கள் கடைக்கு முன் கதவால் வருவதை நிறுத்தாத அந்தச் சில குடும்பங்களுக்கும், ஊரிலும் வெளிநாடுகளிலும் இருந்து துயரம் பகிர்ந்தவர்களுக்கும், கடிதத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின் கதவால் வந்தவர்களுக்கும் நன்றி; நீங்கள் வந்த நாட்களில் அண்ணை மகிழ்ச்சியாக இருந்தார்.

சென்ற கிழமை அச்சகத்துத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். "பேருக்குக் கீழ 'வர்த்தகர், முன்னாள் மாகாண சபை உறுப்பினர்' எண்டு போடுங்கோ" என்றேன். அவர் தணிந்த குரலில் கேட்டார்:

"அக்கா, அந்த வரியைச் சின்ன எழுத்தில போடட்டோ?"

"இல்லைத் தம்பி. பேருக்குப் போட்ட அதே எழுத்திலேயே போடுங்கோ."